கணினி எனக்குச் சோறு போடுகிறது!



மாணவர் பேரவை ஆண்டு மலருக்குச் 'சொந்தத் தொழில்' பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது. நான் நடத்துவதைத் தொழில் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை! போர்டு கிடையாது, ஷட்டர் கிடையாது, வேலைக்கு ஆள் கிடையாது. வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு கணினி, ஒரு யு.பி.எஸ். அவ்வளவே. ஆனால் 2012-இல் போட்ட அந்த மேசைதான் எங்கள் வீட்டு அரிசி பருப்பு, அம்மாவின் மருந்து, தம்பியின் படிப்புக் கடன் எல்லாவற்றையும் தாங்கி வந்திருக்கிறது.

நான் இதே பாலிடெக்னிக்கில் 2008-இல் கணினிப் பொறியியல் பட்டயம் முடித்தவள். கூடப் படித்தவர்களில் பலர் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்து, பிறகு சென்னை, பெங்களூர் என்று போனார்கள். எனக்கு வீட்டு நிலைமை அப்படி இல்லை. கோவையில் ஒரு சிறிய கம்பெனியில் நான்கு வருடம் வெப்சைட் செய்யும் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே கரூருக்குத் திரும்பி வந்துவிட்டேன். கையில் இருந்தது தெரிந்த வேலை ஒன்றுதான். அதையே தனியாளாகச் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். இதற்கு ஃப்ரீலான்ஸ் என்று பெயர். அதிலுள்ள 'ஃப்ரீ' என்ற எழுத்தை மட்டும் பார்த்து இலவசம் என்று நினைத்தவர்களும் உண்டு!

"கரூரில் என்ன வெப்சைட் வேலை கிடைக்கும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, திரைச்சீலை என்று வீட்டுத் துணிகள் நெய்து ஏற்றுமதி செய்பவர்கள் எத்தனை பேர்! கொசுவலைக்காரர்கள் இருக்கிறார்கள், பஸ் பாடி கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் பையர் சாம்பிள் கேட்கும் முன் முதலில் பார்ப்பது வெப்சைட்டைத்தான். ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது வரும் விதம்தான் சங்கடம். ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட் நகரில் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சி நடக்கும். அதற்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் நவம்பர், டிசம்பரில்தான் ஒரே சமயத்தில் வெப்சைட் ஞாபகம் வரும்! கண்காட்சி முடிந்து திரும்பி வந்துவிட்டால் மறந்து போகும்.

2013-ஆம் வருடத்துக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வருடம் செய்தது 11 வெப்சைட். வந்தது மொத்தம் ரூ.1,12,000. அதில் ரூ.64,000 கடைசி இரண்டு மாதத்தில் மட்டும் வந்தது. மார்ச் மாதத்துக்கு நேரே எழுதியிருப்பது சைபர். மருந்துக் கடைக்காரர் மார்ச் மாதம் மட்டும் மருந்து இலவசமாய்க் கொடுப்பாரா என்ன?

இந்த விஷயத்தில் எனக்கு முதல் பாடம் எடுத்தவர் எங்கள் அப்பா. அவர் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் பெயிண்டர். கம்ப்யூட்டரைத் தொட்டுத் துடைக்கக்கூடப் பயப்படுவார். ஒருநாள் ராத்திரி என் நோட்டைப் பார்த்துவிட்டு, "புது வண்டி வர்றது நம்ம கையில இல்ல கண்ணு. பெர்மிட்டு, ஃபைனான்ஸ் எல்லாம் கூடி வந்தாத்தான் சேஸிஸ் வந்து நிக்கும். ஷெட்டுல வாரச் சம்பளம் போடறது எஃப்.சி. வேலைய வெச்சுத்தான். நாம கட்டின வண்டி எஃப்.சி.க்கு வேற ஷெட்டுக்குப் போச்சுன்னா எங்க முதலாளி அன்னைக்குச் சோறு திங்க மாட்டாரு" என்றார்.

எனக்குப் புரிந்தது. ஆனால் வெப்சைட்டுக்கு எஃப்.சி. என்று ஒன்று இருப்பதை வாடிக்கையாளருக்கு எப்படிப் புரிய வைப்பது? அதற்கு 2014-இல் நடந்த ஒரு சம்பவம் வழி காட்டியது.

செங்குந்தபுரத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஏற்றுமதியாளர் ஒருவர் காலையிலேயே கூப்பிட்டார். நான் செய்த வெப்சைட் அல்ல. வேறொரு பையன் முன்பு செய்து கொடுத்தது. "அம்மிணி, சைட்டும் வரல, மெயிலும் வரல. பையர் வாட்ஸ்அப்ல கேக்கறாரு, கம்பெனி இருக்குதா இல்லையான்னு!" என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. நடுங்காமல் என்ன செய்யும்? பர்ச்சேஸ் ஆர்டர், டிசைன், ஷிப்மென்ட் தேதி எல்லாம் வருவது அந்தக் கம்பெனிப் பெயரில் உள்ள மெயிலுக்குத்தான். தறியில் துணி ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவனுக்குப் பதில் சொல்ல முகவரி இல்லை.

பார்த்தால் டொமைன் காலாவதியாகியிருந்தது. நம் பசங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டாட் காம் பெயர் ஒன்று தேதி முடிந்தவுடன் பறிபோய்விடாது. பதிவு செய்த நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரைகூடச் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க இடம் கொடுப்பார்கள். ஆனால் அதற்குள்ளேயே வெப்சைட்டும் மெயிலும் நின்றுவிடும். அது தாண்டினால் 30 நாள் 'ரிடம்ப்ஷன்' காலம். அதில் மீட்க அபராதம் மாதிரித் தனித் தொகை கட்ட வேண்டும். அதுவும் தாண்டினால் 5 நாள் எதுவும் செய்ய முடியாது. பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம்! நாங்கள் பார்த்தபோது ரிடம்ப்ஷனில் 19-ஆம் நாள். சைட் போன முதல் சில வாரங்கள் இவர்கள் சர்வர் கோளாறு, கேபிள் கோளாறு என்று யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பையருக்குத் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து பதில் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல். டொமைன் பதிவாகியிருந்தது கம்பெனி பெயரில் அல்ல. அந்தப் பையனின் சொந்தப் பெயரில், சொந்த மெயிலில். பணம் கட்ட நாங்கள் தயார். ஆனால் அந்தக் கணக்கைத் திறந்து கட்டக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரோ வேலை கிடைத்து மஸ்கட் போய்விட்டார். பழைய நம்பர் வேலை செய்யவில்லை. ரெஜிஸ்ட்ரார் நிறுவனத்துக்கு மெயில் எழுதினால், கணக்கின் உரிமையாளர்தான் எழுத வேண்டும் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது நியாயம்தான்! நாளைக்கு யாரோ ஒருவர் எழுதி நம் டொமைனைக் கேட்டால் கொடுத்துவிடலாமா?

கடைசியில் கம்ப்யூட்டர் உதவவில்லை, டி.வி.எஸ். ஃபிஃப்டிதான் உதவியது. வெங்கமேட்டில் அவர் வீடு இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அவருடைய அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். டொமைன் என்றால் அவருக்கு என்ன தெரியும்? "ஒருத்தரு கம்பெனிக்குப் பேரே போயிரும்ங்கம்மா" என்றேன். அது அவருக்கு விளங்கிவிட்டது. "அவன் ஒம்பது மணிக்கு மேலதான் கூப்புடுவான் சாமி. உக்காரு, காப்பி குடி" என்றார். உட்கார்ந்தேன். ஒன்பதே காலுக்கு ஃபோன் வந்தது. அந்த அண்ணன் பதறிப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்ததாம், கம்பெனி நம்பருக்கு இரண்டு தடவை கூப்பிட்டாராம், எடுக்கவில்லையாம். அன்று ராத்திரியே கணக்கைத் திறந்து கொடுத்தார். அபராதத்தோடு பணம் கட்டி, மூன்றாம் நாள் மெயில் ஓட ஆரம்பித்தது. பிறகு டொமைனைக் கம்பெனி பெயரில் புதுக் கணக்குக்கு மாற்றினோம்.

பணம் கொடுக்கும்போது அந்த ஏற்றுமதியாளர் கேட்டார்: "ஜெனரேட்டருக்கு ஏ.எம்.சி. குடுக்கறேன், கம்ப்ரஸருக்குக் குடுக்கறேன். இதைப் பாத்துக்க வருசத்துக்கு என்னங்க அம்மிணி வேணும்?"

அப்பா சொன்ன எஃப்.சி. வேலை அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது! வருடத்துக்கு ரூ.6,000 என்று சொன்னேன். பேரமே பேசவில்லை.

அன்றிலிருந்து நான் கொட்டேஷன் எழுதும் முறையே மாறிப் போயிற்று. வெப்சைட் கட்டித் தருவதற்கு ஒரு தொகை, வருடா வருடம் காப்பதற்கு ஒரு தொகை. இரண்டாவது வேண்டாம் என்பவருக்கு முதல் வேலையையும் செய்வதில்லை. முதலில் சிலர் முறைத்தார்கள். "ஒரு தடவை செஞ்சா செஞ்சதுதானுங்களே, அதுல என்னத்த பாத்துக்கறது?" என்பார்கள். எவ்வளவோ இருக்கிறது! வெப்சைட்டுக்கு அடியில் ஓடும் பி.எச்.பி. போன்ற மென்பொருள்களுக்கு ஆயுள் உண்டு. பி.எச்.பி. 5.6 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 கடைசியோடு நின்றன, 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரோடு. வேர்ட்பிரஸ்ஸில் செய்த தளமென்றால் அதன் ப்ளக்-இன்களைப் புதுப்பிக்காமல் விட்டால் என்றைக்காவது ஒருநாள் யாரோ ஒருவன் உள்ளே புகுந்து லாட்டரி விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவான். பேக்கப் எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். நான் மூன்று மாதத்துக்கொரு முறை எல்லோருடையதையும் என் கணினியில் ஏற்றிப் பார்க்கிறேன். இது பார்க்க எந்தப் பெருமையும் இல்லாத வேலை. ஆனால் இதற்குத்தான் பணம்.

இதற்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். கணினிக்காரி நோட்டு வைப்பதா என்று சிரிக்காதீர்கள்! டொமைன் பெயர், முடியும் தேதி, யார் பெயரில் இருக்கிறது, மெயில் எங்கே ஓடுகிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று வரிசையாய் இருக்கும். டொமைன் கட்டாயம் வாடிக்கையாளர் பெயரில், அவர் மெயிலில், அவர் ஃபோன் நம்பரில்தான். "சாவியை அவங்க கையிலயே குடுத்துட்டா நாளைக்கு வேற ஆளுகிட்டப் போயிட மாட்டாங்களா?" என்று தொழில் நண்பர் ஒருவர் கேட்டார். போகலாம். இது வரை அப்படிப் போனவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் எட்டு மாதத்தில் திரும்பி வந்தார். சாவியைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. வெங்கமேட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

விலை விஷயம் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் என்ன வாங்குகிறார்களோ அதையே நாமும் வாங்குவது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். 2016-இல் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டுக்கு மாதம் ரூ.25,000. இன்டர்நெட், கரண்டு, ஃபோன், மருத்துவக் காப்பீடு, நான்கு வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டிய கணினிக்கான சேமிப்பு எல்லாம் சேர்த்து ரூ.9,000. வேலை வராத மாதத்துக்கு ஒதுக்க ரூ.6,000. ஆக ரூ.40,000. மாதம் 25 நாள், நாளுக்கு 7 மணி என்றால் 175 மணி நேரம். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஃபோன் பேசுவதிலும், நேரில் போவதிலும், புதிதாய்ப் படிப்பதிலும், பாக்கிப் பணத்துக்கு அலைவதிலும் போய்விடுகிறது. பில் போடக்கூடியது 80 மணிதான் தேறும். அப்படியானால் மணிக்கு ரூ.500. ஐந்து பக்க வெப்சைட்டுக்கு எனக்குக் குறைந்தது 40 மணி ஆகிறது. அது ரூ.20,000 ஆயிற்று. ஊரில் நடக்கும் விலை ரூ.8,000! இந்த எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில்தான் எத்தனையோ பேர் இந்தத் தொழிலை விட்டுவிட்டு வேலைக்குப் போனது. தம்பிகளே, உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். என் எண்கள் உங்களுக்குப் பொருந்தாது.

பெண் என்பதால் இன்னொரு பேரமும் உண்டு. "வீட்ல இருந்துதானே செய்யறீங்க, கொறைச்சுக்கக் கூடாதுங்களா?" என்பார்கள். வீட்டில் இருந்தால் மணிக்கு அறுபது நிமிடம் குறைந்துவிடுமா! ஒருவர், "கல்யாணம் ஆயிட்டா எங்க சைட்டை யாருங்க பாப்பாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். இதற்காகவே ஒரு பெரிய கவரில் எல்லா விவரங்களும் எழுதி ஒட்டி அவரவர் ஆபீஸ் பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு என்ன ஆனாலும் இன்னொருவர் அதைப் பிரித்து மறுநாளே வேலை செய்யலாம். கல்யாணமும் ஆயிற்று, கவர் இன்னும் பிரிக்கப்படவில்லை.

2017-இல் வெளியூர்க் கம்பெனி ஒன்று என்னுடைய முழு நேரத்தையும் மாதம் ரூ.45,000-க்குக் கேட்டது. வேறு யாருக்கும் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. அப்பா உட்பட எல்லோரும் ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். நான் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தருவதாகச் சொன்னேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை! 2019-இல் அவர்கள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். எனக்குப் போனது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு கரூரிலேயே இருந்தது.

இடையில் 2018 ஜூலையில் கூகுளின் குரோம் பிரவுசர், 'எச்.டி.டி.பி.எஸ்.' இல்லாத தளங்களையெல்லாம் 'பாதுகாப்பானது அல்ல' என்று காட்ட ஆரம்பித்தது. ஊரெல்லாம் ஒரே கலவரம்! என் நோட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் அதற்கு முன்பே லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழைப் போட்டு வைத்திருந்தேன். அந்த ஒரே மாதத்தில் 6 பேர் புதிதாய்ச் சேர்ந்தார்கள். நான் யாரையும் போய்க் கேட்கவில்லை.

பிறகு வந்தது 2020. மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு. ஏற்றுமதி ஆர்டர்கள் நின்றன. பஸ்கள் ஓடவில்லை, அப்பாவின் ஷெட்டும் மூடிவிட்டார்கள். எஃப்.சி. வேலையும் இல்லை! ஏப்ரலிலிருந்து ஜூலை வரை எனக்கு ஒரு புது வேலைகூட வரவில்லை. அப்போது நோட்டில் இருந்தது 27 பேர், சராசரி வருடத்துக்கு ரூ.9,000. நான்கு பேர் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஏழு பேர், "இப்ப முடியலங்க, ஆறு மாசம் கழிச்சுத் தர்றோம்" என்றார்கள். சரி என்றேன், தளத்தை நிறுத்தவில்லை. மற்ற 16 பேர் தந்த பணத்தில்தான் அந்த நான்கு மாதம் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. எங்கள் அப்பா தன் 58 வயதில் முதல் தடவையாக என்னிடம் கைச்செலவுக்குக் கேட்டார். "உன்ற எஃப்.சி. நிக்கல கண்ணு" என்றார். அப்போது நான் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன்.

அந்த வருடப் பிற்பாதியில் வெளிநாடுகளில் வீட்டுத் துணிகளுக்குத் தேவை கூடியது. 2021 ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சி நடக்கவில்லை. சாம்பிள் எல்லாவற்றையும் படம் எடுத்து வெப்சைட்டில்தான் காட்ட வேண்டும் என்ற நிலை! காத்திருக்கச் சொன்ன ஏழு பேரில் ஆறு பேர் முழுப் பணமும் தந்தார்கள். ஏழாமவர் தறிகளையே விற்றுவிட்டார். அவரிடம் நான் கேட்கவில்லை.

சட்ட விஷயம் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்லூரியில் இதை யாரும் சொல்வதில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு ரூ.20 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. 'உத்யம்' பதிவு இலவசம், செய்து வைத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு தொழில் செய்பவருக்கு, எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதைக் காட்டி யாரையும் மிரட்ட வேண்டாம். பில்லின் அடியில் பதிவு எண்ணை அச்சடித்தால் போதும். டி.டி.எஸ். பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் 40 சதவீதம் வராமல் வேலை தொடங்காதீர்கள். போட்டோவும் விவரமும் எந்தத் தேதிக்குள் அவர்கள் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வேலை தாமதமாவது பெரும்பாலும், "போட்டோ அனுப்பறேன், அனுப்பறேன்" என்பதில்தான்!

இப்போது எல்லோரும் என்னிடம் கேட்பது ஏ.ஐ. பற்றி. "அதுகிட்டச் சொன்னா பத்து நிமிசத்துல பேஜ் போட்டுத் தருதாமே, அக்கா? உங்க பொழப்பு என்ன ஆகும்?" உண்மைதான், தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன். புதுத் தளம் கட்டும் நேரம் பாதியாய்க் குறைந்திருக்கிறது. அதற்குத் தகுந்தாற்போல் அந்தத் தொகையும் குறைந்துகொண்டுதான் வருகிறது. வெறும் பக்கம் போட்டுத் தருவதை மட்டும் நம்பி இந்தத் தொழிலுக்கு வருவதாக இருந்தால் எனக்கே கவலையாக இருக்கிறது. ஆனால் போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு கொசுவலைக்காரர் கூப்பிட்டு, "அம்மிணி, மெயில் போகமாட்டேங்குது, கண்டெய்னர் ஹார்பர்ல நிக்குது" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது பக்கம் அல்ல. அவர் மெயில் எங்கே ஓடுகிறது, எதைத் திருப்பினால் எது நிற்கும் என்று தெரிந்த ஆள். நோட்டை எடுத்தேன். பன்னிரண்டு பத்துக்கு மெயில் போயிற்று.

நோட்டில் இப்போது 41 பேர். தனியாளாய் இதற்கு மேல் முடியாது. ஆகவே இந்த வருடம் கடைசி ஆண்டு முடிக்கும் தம்பி, தங்கைகளில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பழக வேண்டியது முதலில் பேக்கப் ஏற்றிப் பார்ப்பது, பிறகு வாடிக்கையாளரிடம் ஃபோனில் பொறுமையாய்ப் பேசுவது. டிசைன் எல்லாம் அப்புறம்தான். விருப்பமிருப்பவர்கள் துறைத் தலைவரிடம் சொன்னால் எனக்குத் தகவல் வரும். சனிக்கிழமை மதியம் வாருங்கள். அன்று வாடிக்கையாளர் ஃபோன் குறைவாய் இருக்கும். கொட்டேஷன், ஒப்பந்தத் தாள், நோட்டு மூன்றையும் எடுத்து வைத்து நிதானமாய்க் காட்டுகிறேன்.